ஏலக்காய் விலையும் மலையேறுங் கூலியாட்களும்

கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெரியாற்றணையில் தொடங்கி அவ்வணையிலேயே முடித்துவிடுகின்றனர். மேற்கு நோக்கி ஓடிய நீர் 1895-ஆம் ஆண்டில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டதனால், கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை நிலம் இருபோகம் விளைந்ததென்பது உண்மையே. நீர் இவ்வாறு இறங்கிவந்த அதே மலைகளுக்கு நம் ஜனங்கள் கூலிக்காக ஏறிச்சென்ற கதையோ அதிகமாக எழுதப்படவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் தோட்டமுடையாரும் உளர். போடியில் ஏலக்காய் வாங்கி விற்போரும் உளர். விடியுமுன் தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஜீப்பேறும் பெண்மக்களும் உளர். ஆகலின் இவ்விஷயத்தை நாம் ஒளிவுமறைவின்றி ஆராய்தல் தகும்.

ஏலமலைகள் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில் ஏலக்காய் அரசாங்கச் சரக்கு. 1896-ல் அவ்வேகபோகம் நீங்கி நிலவரி முறை ஏற்பட்டது. தோட்டங்கள் பெருகின, பள்ளத்தாக்கினின்று முதலும் ஆளும் மலைக்குச் சென்றன. காயோ போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளால் இறங்கிற்று. போடிநாயக்கனூர் ஏல வர்த்தகத்துக்குப் பேர்போன ஊராயிற்று. 1928-ல் மதுரையினின்று அவ்வூருக்கு இரயிலும் வந்தது. (இவ்விரயில் யுத்தகாலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, மீண்டும் இடப்பட்டு, அகலப்பாதையாக்கும்பொருட்டு 2010-ன் முடிவில் நிறுத்தப்பட்டு, 2023-ல்தான் போடிக்குத் திரும்பிற்று. மனிதரைக் காக்கவைப்பதில் இதற்கு இணையில்லை.) 1956-ல் மொழிவழி இராஜ்யங்கள் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டுமென்னும் கிளர்ச்சி நடந்தும் அவை கேரளத்திலேயே நின்றன. அதுமுதல் மலைக்கு அன்றாடம் போய்வரும் கூலியாட்கள் இரவில் ஓரிராஜ்யத்திலும் பகலில் மற்றோரிராஜ்யத்திலும் வாழ்பவராயினர்.

இனிக் கடல்கடந்த சங்கதிக்கு வருவோம். மத்திய அமெரிக்காவிலுள்ள குவாதமாலா என்னும் சிறு தேசத்தில், முதல் உலகயுத்தம் மூண்ட காலத்தையொட்டி, ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கோபான் என்னும் ஊரருகே ஏலச்செடியை நட்டார். அத்தேசத்தார் ஏலக்காய் உண்பது அரிது. ஆதலால் விளைந்ததெல்லாம் வெளியே போகவேண்டிய சரக்கே. அராபியரோ தம் காப்பியில் ஏலக்காயிட்டு விருந்தினருக்கு அளிப்பதைப் பெருமரியாதையாகக் கொள்பவர். 1970-களில் எண்ணெய்ப் பணம் பெருகவே அவர்கள் வாங்குவதும் பெருகிற்று. அச்சந்தையைக் குவாதமாலா குறைந்த விலையால் கைப்பற்றியது. 1985-86-ல் 3,000 டன்னுக்கு மேலிருந்த இந்திய ஏற்றுமதி, 1989-90-ல் 200 டன்னுக்கும் கீழாயிற்று. அப்பால் நம் காயைத் தாங்கியது உள்நாட்டாரின் பாயசமும் பான்மசாலாவுமே எனலாம்.

இவ்வீழ்ச்சி தோட்டக்காரரைத் தாக்கிய விதம் யாவரும் அறிந்ததே. கூலியாளைத் தாக்கும் விதம் அத்துணை வெளிப்படையன்று. நாட்கூலியை நேரே குறைத்தல் எளிதில்லை. ஆட்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவர். ஆகவே முதலாளி நாட்களைக் குறைக்கிறார். களையெடுப்பு ஒருமுறை விட்டுப்போம், உரமிடுதல் தள்ளிப்போம், காயெடுப்பின் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே நாள் கூடும். வாரத்தில் ஆறுநாள் மலையேறினவர் மூன்றுநாள் ஏறுவர். கணக்குப்புத்தகத்தில் கூலிவிகிதம் எழுதினபடியே இருக்கும். வீட்டில் உலை பாதியாகும்.

விலை ஏறுங்காலத்தைப் பார்ப்போம். 2018-ன் பெருவெள்ளத்தாலும் அதன்பின் மழை பொய்த்ததாலும் விளைச்சல் சுருங்கி, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. அவ்வாண்டில் கூலியும் பன்மடங்காயிற்றென்று நாம் எவ்வூரிலும் கேட்டிலோம். செடியில் காயில்லாமையால் எடுப்பு நாட்களும் குறைந்தன. மூன்றாண்டுக்குள் விலை 1,000 ரூபாயளவுக்கு வீழ்ந்தது. ஆக, ஏற்றத்திலும் இறக்கத்திலும் நாட்களை இழந்தவர் ஒருவரே.

மருந்துச் சங்கதியும் உண்டு. ஞள்ளானி என்னும் உயர்விளைச்சல் வகை பரவினபின் காயெடுப்புச் சுற்றுகள் மிகுந்தன, பூச்சிமருந்தும் மிகுந்தது. 2018-ஆம் ஆண்டளவில் சவூதி அரேபியா, மருந்தின் எச்சம் அளவுகடந்ததென்று நம் காயை மறுத்தது. காயைச் சோதிக்க அயல்தேசத்து ஆய்வுக்கூடம் காட்டும் கண்டிப்பில் கால்வாசியேனும், மருந்தடிக்கும் ஆளின் உடம்பைச் சோதிப்பதில் நம் தேசத்தில் காட்டப்படவில்லை.

சட்டம் இல்லையோவென்று அன்பர்கள் வினவலாம். 1951-ல் தோட்டத்தொழிலாளர் சட்டம் செய்யப்பட்டது. வீடு, வைத்தியம், குழந்தைக் காப்பகம் முதலியவற்றை அது முதலாளியின் கடமையாக்கிற்று. முதலில் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா ஆகிய தோட்டங்களையே அது குறித்தது. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே ஏலமும் சேர்ந்தது. ஆயினும் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத நிலமும் பதினைந்து பேருக்குக் குறையாத ஆட்களும் இருத்தல்வேண்டுமென விதிக்கப்பட்டது. ஏலத்தோட்டங்களிற் பெரும்பாலன சிறியவை. எனவே அச்சட்டத்தின் நிழல் அவற்றின்மேல் விழவில்லை. 2020-ல் பழைய தொழிற்சட்டங்களைத் திரட்டிப் புதிய தொகுப்புகளுள் அடக்கினர். அன்றாடம் எல்லை கடந்து திரும்புகிறவரை மனத்திற்கொண்டு அவை வரையப்பட்டனவாக நமக்குத் தோன்றவில்லை.

தேயிலைத் தோட்டத்தாரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். சோவியத் நாடு 1991-ல் கலைந்து பெரிய கிராக்கி போனதும், பின்னர் உலகவிலை தாழ்ந்ததும் பீர்மேட்டில் 2000-ஐ ஒட்டிப் பல தோட்டங்களை மூடச்செய்தன. லயன் வீட்டில் குடியிருந்தோர் கூரை ஒழுகுமிடத்தில் கூலியின்றிக் கிடந்தனர். அவர்கள்பட்ட பாடு கொடிது. ஆயினும் லயத்தில் ஒருங்கே வாழ்வோர் ஒருங்கே எழவும் கூடும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்க்குடியினர், தொழிற்சங்கத் தலைவரையும் விலக்கிவைத்துச் சாலையில் அமர்ந்து, 10 சதவீதமாகக் குறைக்கப்பட்ட போனஸ் தொகையை 20 சதவீத அளவுக்கு மீட்டனர். நூறு தோட்டங்களுக்கு நூறு ஜீப்பில் சிதறிச்செல்லும் ஏலக்கூலிப் பெண்கள் அவ்வாறு கூடுமிடம் எங்கே?

எல்லை அடைபடும்போதும் இவர்களே முதலில் பட்டினி காண்பவர். 2011 டிசம்பரில் அணைத்தகராறு முற்றியபோது, உடும்பன்சோலைப் பக்கத்தினின்று அஞ்சி மலையிறங்கி வந்தோர் பலர். 2020 மார்ச்சில் கொரோனாவினால் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. ஏலத்தோட்டப் போக்குவரவு மாதக்கணக்கில் நின்றது. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி அக்காலத்தில் உயிர்காத்தது; 2005-ஆம் ஆண்டு நூறுநாள் வேலைச் சட்டமும் சமவெளியில் கைகொடுத்திருக்கிறது. ஆனால் மலையிலே இழந்த கூலிக்கு ஈடுகேட்க எவ்வலுவலகத்தை நாடுவது? கேரளத்தில் குடியில்லை, தமிழ்நாட்டில் வேலையில்லை. இன்ன தோட்டத்தில் இத்தனை நாள் உழைத்தேனென்று காட்டக் கையில் ஒரு துண்டுக்காகிதமும் இல்லை.

இக்காகிதமேனும் நம்மால் ஆகக்கூடியது. கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய ஊர்களில் நம் கிளையார் ஆளுக்கொரு பேரேடு திறந்து, மலையேறுவோரின் பெயர், தோட்டம், தேதி, பெற்ற கூலி, ஜீப்பின் எண் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிவைத்தல் கூடும். கேட்டெழுதப் பள்ளிப்பிள்ளைகளே போதும். தோட்டமுடைய அன்பர்கள் தங்கள் ஆட்களுக்குத் தேதியிட்ட கூலிச்சீட்டுக் கொடுப்பாராயின், விபத்து நேர்ந்த நாளில் அதுவே சாட்சியாகும். காயெடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்குவதால், ஆனி பிறக்குமுன் ஏடுகள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.