டெய்லர், நீல்

நீல் டெய்லர் (பிறப்பு: 7 பெப்ரவரி 1989, செயின்ட் ஆசஃப், வேல்ஸ்) இடது பின்கள வீரராக விளையாடி ஓய்வுபெற்ற தொழில்முறை உதைபந்தாட்ட வீரர். தாய்வழியில் கொல்கத்தாவைச் சேர்ந்த வங்காள வம்சாவளியினர். தெற்காசிய வேர்கொண்டோர் அரிதாகவே தென்படும் ஐரோப்பிய ஆடுகளங்களில், சர்வதேச அரையிறுதிவரை சென்ற மிகச் சிலருள் ஒருவர்.

மான்செஸ்டர் சிட்டி இளையோர் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டபின் ரெக்ஸ்ஹாமில் தொழில்முறை வாழ்வைத் தொடங்கி, 2010இல் ஸ்வான்சீ சிட்டியில் இணைந்தார். 2011 மே மாதம் பிரீமியர் லீக்குக்கு உயர்வதற்கான பிளே-ஓஃப் சுற்றில், நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டுடனான அரையிறுதியில் முதல் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஸ்வான்சீ பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த இறுதிப்போட்டியில் அவர் ஆடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் கணுக்கால் முறிந்து நீண்டகாலம் விலகியிருந்தார்.

வேல்ஸுக்காக 43 போட்டிகளில் ஆடி ஒரேயொரு கோல் அடித்தார். 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் துலூஸ் நகரில் ரஷ்யாவுக்கு எதிராக அவர் உதைத்த பந்தைக் கோல்காப்பாளர் அகின்ஃபியேவ் தடுக்க, திரும்பிவந்த பந்தை மீண்டும் உதைத்து வலைக்குள் சேர்த்தார். வேல்ஸ் 3-0 என வென்றது. பின்னர் அரையிறுதியில் போர்த்துக்கலிடம் தோற்றது. 2017 மார்ச்சில் டப்ளினில் அவரது முரட்டுத் தடுப்பில் அயர்லாந்து அணித்தலைவர் ஷேமஸ் கோல்மனின் கால் முறிந்தது, டெய்லர் வெளியேற்றப்பட்டார்.

2017 முதல் 2021 வரை ஆஸ்டன் வில்லாவிலும், பின்னர் மிடில்ஸ்பரோவிலும் ஆடி 2022இல் ஓய்வுபெற்றார்.