அக்கி மாத்திரையும் பழுதான சிறுநீரகமும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் என் பெரியம்மா. நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்த அவருக்கு விலாவில் அக்கி வந்தது. காவியால் அக்கி எழுதியும் எரிச்சல் அடங்காததால் வெளியே மருந்து எடுத்தோம். கிடைத்தது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 தடவை. கிளினிக் கொப்பி லயத்திலேயே இருந்தது. அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், செத்துப்போன பெரியப்பாவோடு பேசத் தொடங்கினார். கை உதறியது. சிறுநீர் குறைந்தது. பேய்தான் பிடித்துவிட்டது என்று மந்திரிக்க ஆள் தேடியதில் ஒரு பகல் போய்விட்டது.

அது மருந்தின் வேலை. அசைக்ளோவிர் பெரும்பாலும் சிறுநீரோடுதான் வெளியேறும். சிறுநீரகம் பழுதானால் ஒவ்வொரு வேளை மாத்திரையும் இரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும். சிறுநீரக நுண்குழாய்களில் மருந்து பளிங்குத் துகளாகப் படிந்து அடைத்தால், மிச்சமிருந்த செயற்பாடும் விழும். நாளத்தில் வேகமாக ஏற்றும்போது இந்த ஆபத்து கூட, மாத்திரையாலும் நடக்கும். உடம்பில் நீர் குறைந்திருந்தால் இன்னும் மோசம். மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீரைக் குறைத்தே பழகிய நம் பெண்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அக்கி வலிக்கென்று டைக்ளோபெனாக் போன்றவற்றைச் சேர்த்து விழுங்குவதும் சிறுநீரகத்துக்கு அடிதான்.

பெரியம்மாவுக்கு மருந்தை நிறுத்தி, இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புச் செய்த பிறகே புத்தி தெளிந்தது. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதற்காக அக்கிக்கு மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. கண்ணருகே வந்தால் பார்வையே போகலாம். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. மாற வேண்டியது அளவுதான். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 25 மில்லிலீற்றருக்குக் கீழே போனால் அதே 800 மில்லிகிராமை 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும், 10க்குக் கீழே போனால் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் கொடுப்பது வழக்கம். உடம்புக்குள் அசைக்ளோவிராகவே மாறும் வலசைக்ளோவிருக்கும் அளவைக் குறைக்க வேண்டும். மெலிந்த வயதானவர்களின் கிரியேட்டினின் எண் பெரிதாகக் கூடாமலே வடிகட்டும் திறன் விழுந்திருக்கலாம். வயதையும் சேர்த்துக் கணக்கிடும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இங்கிருந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய உறவுகளுக்கும் இது பொருந்தும். காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டம் அது. அக்கிக்கோ அம்மைக்கோ மருந்து எடுக்கப் போகும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மாத்திரை தொடங்கிய பின் பேச்சுத் தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.