ஐஸ்கிரீமிடம் தோற்ற ஆபரேஷன்

"ஆபரேஷன் பண்ணி மூணு வருஷம் ஆச்சு டாக்டர். 30 கிலோ குறைஞ்சேன். இப்ப 8 கிலோ திரும்ப ஏறிடுச்சு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

இப்படி வருபவர்களிடம் பல வருடம் நான் சொன்ன பதில், "வாயைக் கட்டணும்மா". அது எவ்வளவு அரைகுறைப் பதில் என்பது இந்த ஆபரேஷனின் வரலாற்றைப் படித்தபோதுதான் உறைத்தது. நீளமான இழை மக்களே, பொறுமையா வாசிங்க.

1954. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கிரெமன், லின்னர், நெல்சன் மூவரும் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து, உணவைக் குறுக்கு வழியில் அனுப்பும் முறையைப் பதிவு செய்தார்கள். நீங்க சாப்பிடுங்க, உடம்பு உறிஞ்சாது. அவ்வளவுதான் லாஜிக். எடை குறைஞ்சது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. 1980 வாக்கில் கைவிட்டுட்டாங்க.

அயோவாவில் எட்வர்ட் மேசன் வேறு வழியில் யோசித்தார். அல்சருக்காக இரைப்பையில் பாதியை எடுத்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, 1966-ல் இரைப்பை பைபாஸ் செய்தார். 1980-ல் அவரே இன்னும் எளிதாக்கினார்: குடலைத் தொடவே வேண்டாம், இரைப்பையின் மேல்பகுதியை ஸ்டேப்பிள் போட்டுச் சின்னப் பையாக்கி, வாசலில் ஒரு பட்டை மாட்டினால் போதும்.

இங்கதான் சிக்கல். ரொட்டியும் இறைச்சியும் அந்தக் குறுகலான வாசலில் மாட்டி வாந்தி வரும். ஆனா ஐஸ்கிரீம்? மில்க் ஷேக்? வழுக்கிக்கிட்டு இறங்கிடும். வாசல் அதைத் தடுக்காது.

1987-ல் வர்ஜீனியாவின் ஹார்வி சுகர்மேன் குழு இரண்டு ஆபரேஷன்களையும் ஒப்பிட்டது. இனிப்புப் பிரியர்களுக்குப் பட்டை முறையில் எடை சரியாகக் குறையவில்லை. பைபாஸில் நன்றாகக் குறைந்தது. பைபாஸுக்குப் பிறகு இனிப்பு சட்டென்று சிறுகுடலுக்குள் கொட்டும். வியர்வை, படபடப்பு, தலைசுற்றல். ஒரு தண்டனை மாதிரி.

அப்போ இனிப்புப் பிரியர்களுக்கு பைபாஸ் என்று முடிவு கட்டினார்கள். அறுவை சிகிச்சையாக அது நியாயமான முடிவு. எனக்கு நெருடுவது வேறு: அந்த ஐஸ்கிரீம் எதற்காகத் தேவைப்பட்டது?

இது புதுக் கேள்வியும் இல்லை. மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955-லேயே இரவில் அதிகமாகச் சாப்பிடுவதைப் பற்றியும், 1959-ல் அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடுவதைப் பற்றியும் எழுதிட்டார். பசியையும் மற்ற மனத் தவிப்பையும் சிலரால் பிரித்தறிய முடிவதில்லை என்றார் ஹில்டே புரூக். (பழியை அவர் அம்மாக்கள் தலையில் கட்டியதை நான் ஏற்கவில்லை.) 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஆபரேஷனுக்கு முன் மதிப்பிடும் குழுவில் மனநல நிபுணரும் வேண்டும் என்றது.

அதுக்காக எல்லாமே மனசுன்னும் சொல்லிடாதீங்க. 1999-ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த கிரெலின், இரைப்பையே சுரக்கும் பசி ஹார்மோன். ஸ்வீடனின் நீண்டகால ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32% எடை குறைந்தார்கள். 10 வருடம் கழித்து அது 25%. அதாவது ஓரளவு திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். மறைக்க வேண்டிய குற்றம் இல்லை.

அந்த அம்மாவிடம் இந்த முறை என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்கல. எப்போ, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ராத்திரி பதினோரு மணிக்கு டாக்டர். எல்லாரும் தூங்கினதும். டீயில பிஸ்கட் தொட்டு... ஒரு பாக்கெட் போயிடும். பசியே இருக்காது. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு."

ஆபரேஷன் செய்த சர்ஜனுக்கு ஒரு கடிதம், டயட்டீஷியனுக்கு ஒன்று, உளவியல் நிபுணருக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். மூணாவதைப் பார்த்து, "நான் பைத்தியம் இல்லையே டாக்டர்?"ன்னாங்க. இல்லம்மான்னு சொல்லி, ஐஸ்கிரீம் கதையைச் சொன்னேன். அடுத்த மாசம் வர்றாங்க.