கங்காணி முதல் கோமதி வரை: மலைச்சரிவில் தலைமை உருவான கதை



போடிநாயக்கனூரைத் தாண்டி, முந்தலில் வளைந்து, போடிமெட்டுக்கு ஏறுகிற சாலையை நாம் எல்லோரும் அறிவோம். கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை என்பது அதன் பழைய பெயர். விடியுமுன் நம் தெருக்களிலிருந்து ஜீப் ஏறும் பெண்கள் ஏலத்தோட்டங்களுக்குப் போவது இதில்தான். 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் உட்கார்ந்து மறித்ததும் இதே சாலையைத்தான். நமக்கும் அவர்களுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. இருந்தும் அந்த ஒன்பது நாட்களைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மலையில் ‘தலைவர்’ என்ற இடத்தில் முதலில் நின்றவர் கங்காணி. கண்ணன்தேவன் மலைகளின் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. சரக்கு இறங்கிய இந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் மலை ஏறினார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்களே அதில் பெரும்பகுதி. முன்பணம் கொடுத்தவர், பேர் எழுதியவர், ஆளுக்கு இத்தனை என்று தலைக்காசு வாங்கியவர், துரையிடம் பேசியவர் எல்லாம் ஒருவரே. கூலிக்காரருக்கு வாய் கிடையாது. கங்காணியின் வாய்தான் அவர்கள் வாய்.

பிறகு தொழிற்சங்கம் வந்தது. அதைக் குறைத்துச் சொல்ல நாம் யாரும் இல்லை. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமனையும் பிள்ளைக்காப்பகமும் முதலாளியின் கடமை என்று எழுதியதற்குப் பின்னால் சங்கங்களின் உழைப்பு இருக்கிறது. 1958இல் மூணாறு வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் பேச்சுவார்த்தைக்குப் போனவர் எப்போதும் டவுனில் குடியிருந்தார். லயத்தில் குடியிருந்தவர் சந்தா கட்டினார், கொடி பிடித்தார், முடிவை ஒலிபெருக்கியில் கேட்டார். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்க மேசையில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே அண்ணலை நினைக்காமல் மேலே போக முடியாது. 1942 ஜூலையில் நாகபுரியில் பட்டியல் சாதிக் கூட்டமைப்பு உருவானபோதே பெண்களுக்கென்று தனி மாநாடு நடந்தது. சுலோச்சனாபாய் டோங்க்ரே தலைமை தாங்கினார். மேடையில் நிற்பதும் தீர்மானம் படிப்பதும் பழக்கத்தால் வருவது என்று அண்ணலுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் 1956 ஜூலையில் பம்பாயில் அரசியல் நுழைவுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றையே திறந்தார். சேர்ந்தவர்கள் 15 பேர். அந்த டிசம்பர் 6இல் அவர் மறைந்தார். 1957 மார்ச்சில் பள்ளி மூடப்பட்டது. பௌத்த ஏற்பைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அதே ஆண்டில் திறந்த அந்த 15 பேர் வகுப்பறையைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்? சிலை வைப்பது எளிது, வகுப்பு எடுப்பது கடினம். சரி, அது வேறு பேச்சு.

மூணாறுக்கு வருவோம். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் அந்த ஆண்டு 10 என்று அறிவிக்கப்பட்டது. 2005இல் தொழிலாளர்களையும் பங்குதாரர்களாக்கி உருவான கம்பெனி அது. பங்குதாரர்களுக்குத்தான் இந்தச் செய்தி. நாள்கூலி 232 ரூபாய். அதற்கு ஒரு நாளில் 21 கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். பெண்கள் கம்பெனியிடம் மட்டும் கோபப்படவில்லை, சங்கங்களிடமும் கோபப்பட்டார்கள். ஆண்களைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். பெரிய கட்சிகளின் தலைவர்கள் வந்தபோது திருப்பி அனுப்பினார்கள். வி.எஸ். அச்சுதானந்தனை மட்டும் தம்முடன் உட்கார விட்டார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வந்தது. கோமதி அகஸ்டின், லிசி சன்னி, இராஜேஸ்வரி என்று மூன்று பெயர்கள் வெளியே தெரிந்தன. ஒன்பதாம் நாள், 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையும் சேர்த்து 20 என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவர்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது என்று அப்போது பலரும் கேட்டார்கள். பின்னால் தீவிரவாதிகள் இருக்கிறார்கள் என்றுகூடச் சொன்னார்கள். தலித் பெண் தானாக யோசித்தாள் என்பதைவிட அது நம்ப எளிதாக இருந்திருக்கும். உண்மையில் அவர்களுக்குப் பயிற்சி இருந்தது. பத்திருபது பேர் ஒரே வரிசையில் நின்று பறிக்கும்போது யாருக்குக் காய்ச்சல், யார் கூடையில் எடை குறைத்தார்கள், யார் வீட்டில் அரிசி இல்லை என்பதெல்லாம் பேச்சாகவே கைமாறும். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குச் சேதி போக நோட்டீஸ் தேவையில்லை.

அந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லையும் இருந்தது. சாலையில் வென்றவர்களால் மேசையில் உட்கார முடியவில்லை. கூலியைத் தீர்மானிப்பது தோட்டத் தொழிலாளர் குழு. அதில் பதிவுபெற்ற சங்கங்களுக்கே நாற்காலி. பெம்பிளை ஒருமை அப்போது பதிவாகியிருக்கவில்லை. 500 ரூபாய் கேட்ட போராட்டம் அக்டோபரில் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330 என்று முடிந்தபோது, கையெழுத்துப் போட்டவர்கள் எந்தச் சங்கங்களை எதிர்த்துப் பெண்கள் தெருவுக்கு வந்தார்களோ அந்தச் சங்கங்கள்தாம். நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் வட்டார ஊராட்சிக்கு வென்றார். அதன்பின் மூவரும் ஒன்றாக இல்லை. கோமதி ஒரு பெரிய கட்சியில் சேர்ந்தார், வெளியேயும் வந்தார். இதை ‘பெண்கள் சண்டை’ என்று சிரித்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. விதிமுறை எழுதுவது, கணக்கு வைப்பது, கருத்து வேறுபாட்டைக் கூட்டத்தில் வைத்துத் தீர்ப்பது இவற்றையெல்லாம் ஒன்பது நாளில் யாரும் கற்க முடியாது. கட்சிகள் அதற்கு ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டன.

இந்தப் பக்கம் நம் கதை என்ன? 1989 செப்டம்பரில் போடியிலும் மீனாட்சிபுரத்திலும் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு, கூட்டம் என்று சொன்னாலே கதவைச் சாத்திய தெருக்கள் நமக்குத் தெரியும். 1996இல் ஊராட்சித் தனித்தொகுதிகள் வந்தன. மறு ஆண்டு ஜூன் 30இல் மேலவளவில் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஒழுங்காகத் தேர்தல் நடக்க 2006 ஆனது. ஆத்துப்பாக்கத்தில் ஒரு தலித் பெண் தலைவரைக் கொடியேற்ற விடாதது 2020இல். பதவி கொடுத்த சட்டம் நாற்காலியைக் கொடுக்கவில்லை. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான அரசுப் பயிற்சிகளில் படிவம் நிரப்பச் சொல்லித் தருகிறார்கள். செயலர் கையெழுத்து மட்டும் கேட்டுக் காகிதத்தை மூடி வைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

நாங்களும் வகுப்பு எடுத்தோம். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில், வாடகை மண்டபத்தில், ‘தலைமைப் பண்புகள்’ என்று தலைப்பிட்டு. வந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மேடையில் பேசுகிற ஆண்கள். ஏலத்தோட்டப் பெண்கள் வரவில்லை. துணி துவைக்க, ரேஷன் வாங்க, தூங்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஓர் ஆண்டு பிடித்தது. பிறகு சாயங்காலம் ஜீப் இறங்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு வகுப்பை மாற்றினோம். அரை மணி நேரம், ஒரு நாளுக்கு ஒரே விஷயம்.

ஒரு நாள் 8.33 என்ற எண்ணை எடுத்தோம். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதச் சம்பளம் என்பதே அதன் பொருள், நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் என்று சொன்னதும் ஓர் அக்கா, “அப்ப அது தீவாளிக் காசு இல்ல, நம்ம பதிமூணாவது மாசம்” என்றார். எங்கள் துண்டறிக்கைகள் எதிலும் அவ்வளவு தெளிவாக எழுதியதில்லை. இன்னொரு நாள் தோட்டச் சட்டம். ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அது பொருந்தியது. நம் பெண்கள் காய் எடுக்கப் போவது பெரும்பாலும் அதைவிடச் சிறிய காடுகளுக்கு. இன்று ஒருவர் காடு, நாளை வேறொருவர் காடு. அந்த 330 ரூபாயை யாரிடம் போய்க் கேட்பது? மேலே கேரளம், கீழே தமிழ்நாடு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் அடிபட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியாக இறங்கி வந்தவர்களுக்காக இரண்டு பக்கத்துச் சங்கங்களில் எது பேசியது?

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். லயத்தோடு போனார்கள். முதலமைச்சர் மூணாறுக்கு வந்த நாளில், சொந்த மண்ணும் வீடும் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவர் கோமதி. பின்னால் கூட்டமில்லை, போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தப் படத்தைத் திண்ணை வகுப்பில் காட்டினோம். “ஏன் தனியா உக்காந்திருக்கு அந்தப் பொண்ணு?” என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு அரை மணி நேரம் போதவில்லை. அடுத்த நாள் ஜீப் வரும்வரை அதே பேச்சு தொடர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். இப்போது அந்த ஜீப்பில் வருகிறவர்களில் பதினொரு பேர் ஆளுக்கொரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தேதி, யாருடைய காடு, எத்தனை மணிக்கு இறங்கினோம், எவ்வளவு கூலி என்று நான்கு கட்டம். எழுதத் தெரியாத மூவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.