மதிப்பெண் குறைவும் அறிவாற்றல் சரிவும்: தருமபுரி முதியோரை முன்வைத்து

முதியோரின் அறிவாற்றலைச் சோதிக்க உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது, 1975-இல் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹியூவும் வெளியிட்ட 30 மதிப்பெண் தேர்வு. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும்; ஒரு வாக்கியம் எழுத வேண்டும்; ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பென்சிலே பிடித்திராத பென்னாகரத்துப் பாட்டி இதில் இழக்கும் மதிப்பெண், அவர் பள்ளிக்கூடம் போகாததைத்தான் சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 விழுக்காடு.

தேர்வின் இக்குறையை இந்திய ஆய்வுலகம் முன்பே கண்டுகொண்டது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாத கிராம முதியோருக்காக உருவாகி 1995-இல் வெளிவந்த இந்தித் தேர்வு, வாக்கியம் எழுதச் சொல்வதை விட்டுவிட்டு, வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னது.

ஒரே ஆளை இருமுறை அளந்தால் கல்வி வேறுபாடு தானாகக் கழிந்துவிடும் என்பாரும் உண்டு. இதில் பாதிதான் உண்மை. தொடக்கத்திலேயே அடிமட்டத்தில் நிற்கும் மதிப்பெண் மேற்கொண்டு இறங்க இடமில்லை. வாழ்நாளில் தேர்வே எழுதாதவர் இரண்டாம் முறை கேள்விக்குப் பழகிச் சற்றுக் கூடுதலாகவும் பெறலாம்; அப்போது உண்மையான சரிவு அந்தப் பழக்கத்துக்குள் மறைந்துபோகும். இரு அளவீடுகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் அளவீட்டுப் பிழையா என்று பார்க்க, 1991-இல் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் முன்வைத்த நம்பக மாற்றக் குறியீடு கைகொடுக்கிறது. திட்டவிலக்கம் 3, மறுசோதனை நம்பகத்தன்மை 0.8 என்று வைத்துக்கொண்டால், 95 விழுக்காட்டு வரம்பு ஏறக்குறைய 3.7. நான்கு மதிப்பெண் குறைந்தால்தான் அதை மாற்றம் எனலாம். நம்பகத்தன்மை 0.6 ஆனால் ஆறு குறைய வேண்டும். நகரத்துப் படித்தவர்களிடம் கிடைக்கும் நம்பகத்தன்மையை அரூர் மலைக்கிராமங்களுக்கு அப்படியே கொண்டுபோவதில் எனக்கு உடன்பாடில்லை.

எண் வரம்பைத் தாண்டியும் வாழ்க்கையில் ஒன்றும் மாறாதிருக்கலாம். அல்சைமர் நோய்க்கான லெகனமாப் மருந்தாய்வில் 18 மாத முடிவில் தெரிந்த வேறுபாடு, 18 புள்ளி அளவுகோலில் 0.45. அது புள்ளியியல்படி உறுதியானது. நோயாளியின் வீட்டார் உணரக்கூடியதா என்ற விவாதமோ இன்னும் ஓயவில்லை.

ஆகவே அன்றாடச் செயல்பாட்டையும் கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல் கூடுகிறது. மறதிநோயை ஆராயும் பன்னாட்டு 10/66 ஆய்வுக் குழு வேலூர்ப் பகுதிக் கிராமங்களையும் உட்படுத்தி 2008-இல் வெளியிட்ட முடிவில், அன்றாடச் செயல்பாடும் குன்றியிருக்க வேண்டும் என்னும் அமெரிக்க மனநல வரையறைப்படி கிராமப்புற இந்தியாவில் மறதிநோய் வெறும் 0.3 விழுக்காடு. கல்விக்கு ஈடுசெய்த அக்குழுவின் சொந்த முறையிலோ, ஆய்வு நடந்த நாடுகளில் எங்குமே 5.6-க்குக் கீழே போகவில்லை. “வயசாச்சு, மறதி வராம இருக்குமா?” என்று வீட்டார் இயல்பாக ஏற்றுக்கொள்வது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

தருமபுரியில் இதற்கு நேரெதிரான பிழையும் நேரும். நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளூரைடு எலும்பையும் மூட்டையும் பாதிக்கும் மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். காட்டு வேலையை நிறுத்திவிட்ட முதியவருக்கு முழங்கால் மடங்காமல் போயிருக்கலாம்; “முன்போல் வேலை செய்கிறாரா?” என்ற பொதுக்கேள்வி அதை அறிவுச் சரிவாகப் பதிந்துவிடும். சந்தையில் மீதிச் சில்லறை சரிபார்க்கிறாரா, உலை கொதிக்குமுன் ராகி மாவைக் கொட்டிவிடுகிறாரா, கடன் கொடுத்த பெயர்கள் நினைவிருக்கிறதா என்று மூட்டைச் சாராதவற்றைக் கேட்பதே பொருந்தும். பதில் சொல்பவரும் மாறக்கூடாது. மகன் பெங்களூரு வேலைக்குப் போய்விட, முதல் முறை அவனும் அடுத்த முறை மருமகளும் சொன்னால், நாம் அளப்பது இரண்டு பேரின் கவனிப்பைத்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீடுதேடிப் போகிறார்கள். இந்த அளவீட்டுக்கு அவர்களே தக்கவர்கள். ஆனால் முதலில், நலமாக உள்ள முதியோரில் ஒரு பகுதியினரைச் சில வாரங்களுக்குள் மறுபடி சோதித்து, படித்தவர் படிக்காதவர் இருசாராருக்கும் நம்பகத்தன்மையைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் வரம்பையும் தாண்டி மதிப்பெண் குறைந்து, சில்லறைக் கணக்கு போன்ற ஒரு வேலையிலாவது தடுமாற்றம் தெரிந்தவரையே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம்.