ஹால்சியன் காசில்

ஹால்சியன் காசில், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கோவளத்தில், கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமேட்டின் உச்சியில் உள்ள மாளிகை. உள்ளூரில் கோவளம் கொட்டாரம் என்பார்கள். சென்னைக்குத் தெற்கிலும் குமரிக்கு அருகிலும் கோவளம் என்றே ஊர்கள் உண்டு. இது விழிஞத்தை ஒட்டிய கோவளம்.

திருவிதாங்கூர் அரசி சேது லட்சுமி பாயிக்காக அவருடைய கணவர் எம். ராம வர்மா வலிய கோயித் தம்புரான் 1932-இல் இதைக் கட்டினார். மருமக்கள் தாய முறையில் அரசுரிமை பெண்வழியே செல்லும். அரசியின் கணவர் அரசராவதில்லை. சேது லட்சுமி பாயி 1924 முதல் 1931 வரை, இளவரசர் சித்திரைத் திருநாளுக்குப் பதிலாக நாட்டை ஆண்டவர். கோயில்களில் உயிர்ப்பலியையும் தேவதாசி முறையையும் தடை செய்தவர். வைக்கம் போராட்டத்தின்போது 1925-இல் காந்தி அவரைச் சந்தித்துப் பேசினார். ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்த மறு ஆண்டே இந்தக் கடற்கரை வீடு எழுந்தது. ஹால்சியன் என்பது மீன்கொத்திக்குக் கிரேக்கர்கள் வழங்கிய பெயர். அது முட்டையிட்டு அடைகாக்கும் நாட்களில் கடல் அலையடங்கிக் கிடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏழாண்டு ஆண்டு ஓய்ந்தவரின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பின் அரசி பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். 1985-இல் அங்கேயே மறைந்தார். பூஜப்புரையில் அவர் வாழ்ந்த சாட்டல்மண்ட் அரண்மனை இன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு. கோவளம் மாளிகை 1964-இல் அரசுக்கு விற்கப்பட்டு, பின்னர் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்தது.

மாளிகையை ஒட்டிக் கழகம் கட்டிய அசோக் விடுதியை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. குன்றின் தலையில் அடுக்குமாடியை நிறுத்தாமல், சரிவிலேயே படிப்படியாக அறைகளை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் கடல் பார்த்த திறந்த முற்றம் வைத்தார். பழைய மாளிகைக்கு அவர் காட்டிய இந்த மரியாதையைப் பின்வந்த கடலோர விடுதிகளில் காண்பது அரிது. ஹிப்பிகளின் வருகையும் சேர, மீனவர் குப்பமாக இருந்த கோவளம் எழுபதுகளில் உலகப் பயணிகளின் ஊரானது.

2002-இல் மத்திய அரசு விடுதியைத் தனியாருக்கு விற்றது. எம்-ஃபார், லீலா, ரவி பிள்ளையின் ஆர்.பி. குழுமம் என்று உடைமை கைமாறிக்கொண்டே போனது.

விற்பனையில் மாளிகையும் அடங்குமா என்பதுதான் பெரிய வழக்கு. அடங்காது என்றது மாநில அரசு. மாளிகையை மீட்க 2005-இல் தனிச்சட்டமே இயற்றியது. கேரள உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. உச்ச நீதிமன்றத்திலும் அரசுக்கு வெற்றி கிட்டவில்லை. உரிமை கோரி உரிமையியல் நீதிமன்றம் செல்லும் வாய்ப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மாளிகையை ஆர்.பி. குழுமத்திடம் ஒப்படைக்க 2017-இல் அமைச்சரவை முடிவு செய்தது. மக்கள் சொத்தாக இருந்த ஒரு வீட்டைக் கைவிடக் கூடாது என்று முன்னாள் முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் அப்போது வெளிப்படையாக எதிர்த்தார்.