ஹெலிக்கே

ஹெலிக்கே: கிரேக்க நாட்டில், பெலோப்பனீசுத் தீபகற்பத்தின் வடகரையில் இருந்து கடல்கோளில் மறைந்த பண்டைய நகரம். அக்காயா வட்டாரத்தின் 12 நகரங்களுள் ஒன்று. கொரிந்து வளைகுடாவை ஒட்டி, செலினூஸ், கெரினீத்தஸ் ஆறுகளின் வண்டல் சமவெளியில் அமைந்திருந்தது.

தொடக்க வரலாறு தெளிவாக இல்லை. இலியாது காவியத்தின் கப்பற்பட்டியலில் இதன் பெயர் வருகிறது. தென் இத்தாலியின் சிபாரிசை நிறுவியவர் இவ்வூரார் என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ. பொசைடன் கோயிலே நகரின் பெருமை. அயோனியர் வழிபட்ட 'ஹெலிக்கோனியப் பொசைடன்' இவ்வூரால் பெயர் பெற்றானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இங்குக் கிடைத்த வெண்கலக் காசில் ஒருபுறம் பொசைடன் தலையும், மறுபுறம் இரு டால்பின்களுக்கு நடுவே திரிசூலமும் உள்ளன.

கி.மு. 373 குளிர்காலத்தில், ஓரிரவில், நிலநடுக்கமும் தொடர்ந்து ஆழிப்பேரலையும் நகரை விழுங்கின. நகருக்கும் கடலுக்கும் இடையே 12 ஸ்டேடியம் (ஏறத்தாழ 2 கி.மீ.) தொலைவு இருந்தும் அது காக்கவில்லை. துறையில் நின்ற 10 ஸ்பார்ட்டாக் கப்பல்களும் அழிந்தன. உடல்களை எடுக்க அக்காயர் அனுப்பிய 2,000 பேர் வெறுங்கையோடு திரும்பினர். நிலத்தை அண்டை ஊரார் பங்கிட்டுக்கொண்டனர். அருகிலிருந்த பூரா என்ற நகரும் அழிந்தது. பொசைடன் திருவுருவைக் கேட்டு வந்த அயோனியரை அவமதித்ததால் தெய்வம் சினந்தது என்பது பழையோர் விளக்கம்.

ஐந்து நாள் முன்பே எலி, மரநாய், பாம்பு, பூரான், வண்டு எல்லாம் கெரினேயா ஊருக்குச் செல்லும் சாலை வழியே கூட்டமாக வெளியேறின என்றும், மக்கள் அதைக் கண்டு வியந்ததோடு சரி என்றும் பண்டைய எழுத்தாளர் ஏலியன் எழுதுகிறார். அவர் ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். நம்புவது படிப்போர் விருப்பம். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீசோ நேரில் போய் விசாரித்தவர். நீருக்கடியில் வெண்கலப் பொசைடன் நின்றபடியே இருப்பதாகவும், அவன் கையிலுள்ள கடற்குதிரையால் வலைக்காரர்களுக்கு ஆபத்து என்றும் ஓடக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பாசேனியாசும் நீருக்கடியில் இடிபாடுகள் தெரிவதாகக் குறித்தார். அதன்பின் நெடுங்காலம் செய்தி இல்லை. பிளேட்டோவின் அட்லாண்டிசுக்கு இவ்வழிவே தூண்டுதல் என்போர் உண்டு, உறுதி இல்லை.

சிலை நிற்கும் இடமாக ஓடக்காரர்கள் சொன்ன 'போரோஸ்' என்ற சொல்லை வளைகுடா என்றே கொண்டு 20ஆம் நூற்றாண்டில் கடலடியில் தேடினர்; எதுவும் அகப்படவில்லை. அது உள்நாட்டுக் கடற்கழியைக் குறிக்கலாம் எனக் கருதி, ஆய்வாளர்கள் தோரா கட்சோனொப்பூலு, ஸ்டீவன் சோட்டர் குழுவினர் தேடலை நிலத்துக்கு மாற்றினர். 2001இல் ரிசோமிலோஸ் என்ற ஊர் அருகே, கழிப்படிவின் கீழ் நகரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அதே சமவெளியில், ஹெலிக்கேயின் அழிவுக்கு 2,000 ஆண்டு முந்திய வெண்கலக் கால ஊர் ஒன்றும் புதைந்து கிடந்தது. அகழாய்வு தொடர்கிறது.